கார் மாதிரி ஒரு பேனா

இன்று காலை எண்டோஸ்கோப்பி எடுக்கத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போனேன். தனியாகத்தான்.

தனியார் ஆஸ்பத்திரியில் படிவம் கொடுத்தார்கள். என்னிடம் பேனா இல்லை.

பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஒரு மை பேனா இருந்தது. பழைய வெளிநாட்டுக் கார் மாதிரி சிவப்பு உடம்பு, மூடியில் வெள்ளிக் கம்பிகள். விலை ஒன்றரை லட்சம் என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம் தர்றீங்களா?"

"நிப்பு என் கைக்குப் பழகினது தம்பி. வேற கை பட்டா கெட்டுப்பூடும்."

இந்த ஊரில் 'வேற கை' ஆவது எனக்குப் புதிதில்லை. கவுண்டரில் நூலில் தொங்கிய பால்பாயிண்ட் பேனாவில் எழுதிக் கொடுத்தேன்.

"கூட வந்தவங்க கையெழுத்து எங்க?" என்றார் சிஸ்டர்.

"யாரும் வரல."

"மயக்க மருந்து குடுக்கணும்ங்க. சும்மா நின்னுக்கினு இருக்காம ஜல்தி யாருக்காவது போன் பண்ணுங்க."

போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கூப்பிட ஒருவர்கூடத் தேறவில்லை.

பேனாக்காரர் எழுந்து வந்தார். "குடும்மா, நான் போடறேன்."

நிப்புக்கு வலிக்காமல் கையெழுத்திட்டார். சிஸ்டர் தாளைத் தூக்கிப் பார்த்தார். "கார்பன் காப்பில ஒண்ணுமே விழல சார். அந்த நூல் பேனாவுல அழுத்திப் போடுங்க."

போட்டார். உறவுமுறை என்ற இடத்தில் நின்றார். "என்னன்னு எழுத, தம்பி?"

"தெரியாதவர்னு எழுதுங்க சார்."

சிரித்துவிட்டு 'நண்பர்' என்று எழுதினார். அவர் மேல் கோபம் இன்னும் போகவில்லை. ஆனாலும் அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எண்டோஸ்கோப்பி முடிந்தது. அடுத்த பரிசோதனைக்குச் செவ்வாய்க்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள், துணையோடு. இந்தப் பதிவுக்கு ஹார்ட் விடப்போகும் முகநூல் நண்பர்களே, அன்றைக்கு யாருக்கு லீவு?