முதிரைப் பலகை, ஆறரை அடி, ஐந்து

பாவித்த வீட்டுத் தளபாடங்களை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுசெல்ல அனுமதிப்பத்திரம் தேவையில்லை. மரம் கொண்டுசெல்லத் தேவை. பிரதேச செயலகத்தில் வேலையில் இருந்த காலம் முழுக்க இந்த இரண்டு வசனங்களையும் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு, யாரும் கேட்காமலே, நானாகப் போய் அதே விதியில் மாட்டிக்கொண்டேன்.

மகள் மன்னாரில் ஆசிரியை. மருமகனுக்குக் கட்டாரில் வேலை. பிள்ளை பிறந்து அவளுடைய பிரசவ விடுமுறை மாசி மாத முதல் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அதற்கு மேல் ஒரு நாளும் தர முடியாது என்று பாடசாலையில் சொல்லிவிட்டார்கள். பிள்ளையை யாரோ ஒருவர் வீட்டில் விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனமில்லை. என் மனைவிக்கு முழங்கால் வருத்தம். இருந்த இடத்திலிருந்து பால் கரைப்பாள், தாலாட்டுவாள். தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. ஆகவே நாங்கள் இரண்டு பேரும் கிழக்குக் கரையில் இருக்கும் களுதாவளை வீட்டைப் பூட்டி, சாமான்களோடு ஞாயிற்றுக்கிழமைக்குள் அங்கே இருக்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இதற்கு அலுவலகத்தில் போல ஒரு கோவை திறந்து தாள் சேர்க்கத் தொடங்கினேன்.

வாகனம் மூன்று. என் பழைய கார், மனைவியின் ஸ்கூட்டி, வாடகைக்கு ஒரு லொறி. ஸ்கூட்டி லொறியில் ஏறும். கார் லொறிக்குப் பின்னால் போகும். முன்னால் போனால் லொறி எங்கே நிற்கிறது, யார் ஏறுகிறார்கள், எது இறங்குகிறது என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். வெலிக்கந்தை, பொலன்னறுவை, ஹபரணை, அநுராதபுரம், மதவாச்சி என்று தேநீர் குடிக்கும் இடங்களைக்கூட எழுதி வைத்தேன். அந்த இடங்களைத் தவிர வேறெங்கும் நிற்கக் கூடாது என்பது நிபந்தனை.

லொறிக்காரர் நாற்பது வயது மதிக்கத்தக்க மனிதர், ஊர் உன்னிச்சைப் பக்கம். மன்னாருக்கு நெல் கொண்டுபோய் வரும்போது கருவாடு ஏற்றி வருகிறவர். மற்றவர்கள் கேட்டதில் பாதிதான் கேட்டார். எனக்கு அங்கேயே சந்தேகம் வந்தது. சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வாகன வருமான உத்தரவுப்பத்திரம் எல்லாவற்றுக்கும் போட்டோ பிரதி கேட்டேன். கொடுத்தார். கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழும் கேட்டேன்.

"என்ன சேர், மாப்பிள்ள பாக்க வந்த மாதிரி விசாரிக்கிறீங்க," என்றார். "எனக்கு மூண்டு பிள்ளைகள் இருக்கு."

"ஏன் இவ்வளவு குறைவாக் கேக்கிறீங்க?"

"அரைவாசி லொறி உங்களுக்கு. அரைவாசி நெல்லு ஏத்துவன். ரெண்டு பேருக்கும் லாபம்தானே."

"மன்னாரில நெல் இல்லையா?"

"அங்க இன்னும் வெட்டல்ல சேர். நம்மட வயல் வட்டையிலதான் முந்தி வெட்டு."

"நெல்லு மூட்டைக்குள்ள என்ன இருக்கும்?"

"நெல்லுக்குள்ள அரிசி இருக்கும் சேர்."

சமையலறையிலிருந்து மனைவி சிரித்தது கேட்டது. நான் சிரிக்கவில்லை. மூட்டைக்குள் எதையாவது வைத்து, என் தளபாடத்தை மறைப்பாக வைத்து, என் வயதையும் நரையையும் காட்டிச் சோதனையைத் தாண்டுவதுதான் திட்டம் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. முழு லொறியும் எனக்கே வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்தது பட்டியல். எங்கள் பக்கத்தில் ஐம்பது வயது தாண்டிய எவரும் வீடு மாறுவதென்றால் பெட்டி தேடுவதற்கு முன் தாள் தேடுவார்கள். டோர்ச் பற்றரி எத்தனை என்றுகூட எழுதி, விதானையாரிடம் ஒப்பம் வாங்கி, மூன்று பிரதியோடு ஒவ்வொரு தடைமுகாமிலும் நின்ற யுத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்பதில்லை என்பதற்காகக் கேட்க மாட்டார்கள் என்று அர்த்தமா? நான் எழுதினேன்.

எழுதும்போது லொறிக்காரர் என் நினைவில் இருந்தார். 'கட்டில் ஒன்று' என்று எழுதினால் வழியில் ஒரு பலகையை மாற்றி வைத்தாலும் கட்டில் கட்டில்தான். ஆகவே கட்டிலையும் அலுமாரியையும் நானே கழற்றி, ஒவ்வொரு துண்டுக்கும் சோக்குக்கட்டியால் இலக்கமிட்டு, அளந்து, கிடந்தபடியே எழுதினேன். முதிரைப் பலகை, ஆறரை அடி, ஐந்து. முதிரைச் சட்டம், நான்கு. தேக்குப் பலகை, ஐந்தடி, எட்டு. இரண்டு பக்கம் வந்தது. இதைவிடத் திருத்தமான பட்டியல் அந்தப் பிரிவிலேயே எழுதப்பட்டிருக்காது.

கிராம உத்தியோகத்தர் இளம் பெண். பட்டியலை இரண்டு தரம் வாசித்தார்.

"சேர், இது மரம்."

"கட்டில், பிள்ளை."

"கட்டிலெண்டு எங்கயும் இல்லையே சேர். முதிரை எண்டிருக்கு, அளவும் இருக்கு. நான் ஒப்பம் வெச்சா மறுகா என்னட்டத்தான் கேப்பாங்க. மேல அனுப்பிவிடுறன், மரத்துக்கு அனுமதி எடுக்கச் சொல்லுவாங்க."

அவர் செய்தது சரி. அவருடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையே செய்திருப்பேன். அதுதான் எரிச்சல். விண்ணப்பப் படிவத்தை அங்கேயே நிரப்பினேன். சாமான் போய்ச்சேரும் முகவரி என்ற இடத்தில் மகளின் முகவரியை எழுதினேன். மூன்றாம் நாள் பிரதேச செயலகத்தில் அதற்கு இலக்கம் விழுந்துவிட்டது. இலக்கம் விழுந்த விண்ணப்பத்தை மீளப் பெறுவதற்கு ஒரு வழி உண்டு. அதற்கும் ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டும், அது முதல் விண்ணப்பத்துக்குப் பிறகுதான் பார்க்கப்படும். சொல்லாமல் ஏற்றிக்கொண்டு போனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. தெரிந்தவன் என்பதற்கு என் கையொப்பமே சாட்சி.

வன அதிகாரி வந்து பலகையைப் பார்க்க வேண்டுமாம். ஒரு கிழமை போனது. நினைவூட்டற் கடிதம் எழுதினேன். இரண்டாம் கிழமை இன்னொன்று. பிரதேச செயலகத்துக்கே போனால் தேநீர் தந்தார்கள். "சேருக்குத் தெரியாத முறையா" என்றார்கள். தேநீர் தருகிறார்கள் என்றால் பதில் இல்லை என்று அர்த்தம். அந்தத் தேநீரை நானே எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன்.

விடுமுறை முடிய நான்கு நாள் இருக்கும்போது மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா, ஞாயிறு வந்திருவீங்கதானே?" என்றாள். பதில் வந்தவுடன் என்றேன். "ஆர்ர பதில்?" என்றாள். விளக்கினேன். மறுமுனையில் பிள்ளை அழுதது. அதைச் சாட்டாக்கி அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அன்று பின்னேரம் மனைவி, கட்டி வைத்த மூட்டைகளுக்கு நடுவில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்ச வாங்க. ஒண்டு கேக்கப் போறன். பென்சன் சங்கத்துக்கு ராஜினாமாக் கடிதம் குடுத்தீங்களா?"

"இல்ல."

"பேப்பர்காரனை நிப்பாட்டினீங்களா?"

"கடைசி நாள் சொல்லலாம் எண்டு."

"நாப்பது வருசமாப் படுத்தெழும்பின மனிசனுக்கு அது கட்டிலாத் தெரியாமப் பலகையாத் தெரிஞ்சுதோ? போக விருப்பமில்லாட்டி அதைச் சொல்லுங்க. பட்டியலுக்குப் பின்னால ஒளியாதீங்க."

பிறர் மேல் எத்தனையோ ஒழுக்காற்று விசாரணை நடத்தியவன் நான். இப்படி மூன்றே கேள்வியில் முடித்ததில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்று சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே அது முழுசாக நம்பும்படி இருக்கவில்லை. மன்னாரில் என்னை யாருக்கும் தெரியாது. யாரும் படிவத்தோடு வாசலில் வந்து 'சேர்' என்று கூப்பிடமாட்டார்கள். அந்தப் பலகைகளை அளக்கும்போது இது என் மனதில் ஒரு மூலையிலாவது இருந்ததா? குற்றம் நிரூபிக்கப்படவில்லை. அதற்காக விடுதலையும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை மூன்றாவது நினைவூட்டலோடு அலுவலகம் போனேன். தேநீர் தந்தார்கள். பதினொரு மணிக்குத் திரும்பி வந்தால் வாசலில் லொறி நிற்கிறது. பின்பக்கம் முழுக்க நெல் மூட்டை. ஸ்கூட்டி மேலே கட்டப்பட்டிருக்கிறது. வீட்டுக்குள் ஓடினேன். பலகைகள் கிடந்த அறையில் சோக்குத் தூள் மட்டும் இருந்தது.

"எங்க?"

"நெல்லுக்குக் கீழ," என்றார் லொறிக்காரர், மிக மரியாதையாக. "அம்மாதான் சொன்னா சேர், மழை பட்டாப் பழுதாகிருமெண்டு."

மழைக்கு எந்த அறிகுறியும் இல்லை. மனைவி ஏற்கெனவே சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தில் ஏறி, முழங்காலுக்கு ஒரு தலையணை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இது சட்டவிரோதம்," என்றேன். "விண்ணப்பம் நிலுவையில இருக்கு."

"ஆர் விண்ணப்பிச்சது?"

"நான்."

"ஆர்ர கட்டில்?"

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிக்கிறவன்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு அவளுடையது. அவளுடைய அப்பா சீதனமாகச் செய்து கொடுத்த கட்டில் அது. நான் ஒரு பெட்டியோடும் ஒரு சைக்கிளோடும் வந்து சேர்ந்தவன்.

"என்ட கட்டிலுக்கு உங்கட பேரில விண்ணப்பம். என்னட்டக் கேட்டீங்களா? ஒப்பம் வாங்கினீங்களா? வேற ஆரும் அப்பிடிக் கொண்டந்து தந்தா நீங்க என்ன செய்வீங்க?"

திருப்பி அனுப்புவேன். உரிமையாளர் அல்லாதவரின் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளத்தக்கதல்ல. என் கையாலேயே அந்த வசனத்தை எத்தனையோ விண்ணப்பங்களின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். இரண்டு கிழமையாக நான் செல்லாத காகிதத்துக்கு நினைவூட்டல் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டைப் பூட்டி, திறப்பை அயல் வீட்டில் கொடுத்துவிட்டுக் காரை எடுத்தேன்.

லொறிக்காரரைக் கண்காணிக்கப் போட்ட திட்டம்தான், லொறிக்குப் பின்னால் கார். ஆனால் இப்போது கடத்துகிறவன் நான். ஓட்டமாவடி தாண்டியதிலிருந்து ஒவ்வொரு சீருடையும் எங்களையே பார்ப்பது போல் இருந்தது. வெலிக்கந்தையில் லொறியை மறித்தார்கள். நான் ஐம்பது மீற்றர் பின்னால் காரை நிறுத்திவிட்டு, கோவையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். பொலிஸ்காரர் மனைவியின் தலையணையைப் பார்த்தார், ஸ்கூட்டியைப் பார்த்தார், போகச் சொன்னார். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

"லொறிக்குப் பின்னால ஏன் நிக்கிறது?" அரைகுறைத் தமிழ்.

"அது என் மனைவி."

"அப்ப ஏன் தூரத்தில?"

மடியில் இருந்த கோவையை நீட்டினேன். வாங்கினார். இவ்வளவு ஒழுங்கான கோவையை அவர் அந்தத் தெருவில் கண்டிருக்க மாட்டார் போலும். அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. காப்புறுதியைப் புரட்டினார். காரின் பதிவுப் புத்தகப் பிரதி. அடுத்தது லொறிக்காரரின் நற்சான்றிதழ். அதற்கு அடுத்த தாள் மரம் கொண்டுசெல்லும் விண்ணப்பம். மும்மொழியிலும் அச்சடித்த படிவம். என் கையெழுத்தும் அழகானது.

லொறிக் கதவு திறந்தது. மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, நொண்டி நொண்டி வந்தாள். ஆசிரியையாக இருந்தபோது பழகிய சிங்களத்தில் அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார், சிரித்தார், கோவையை மூடி என் கையில் தந்தார்.

"என்ன சொன்ன நீ?"

"என்ட மனிசன், பென்சன்காரர், பேரப்பிள்ளையப் பாக்கப் போறம், பயந்த சுபாவம் எண்டு சொன்னன்."

அதில் எந்தப் பகுதியை மறுப்பது என்று யோசித்துக்கொண்டே ஹபரணை வரைக்கும் போனேன். லொறிக்காரர் நான் எழுதிக் கொடுத்த இடங்களில் மட்டுமே நின்றார். ஒவ்வொரு இடத்திலும் எனக்கும் ஒரு தேநீர் சொல்லி வைத்திருந்தார். நெல் நெல்லாகவே மன்னாரில் இறங்கியது.

திங்கட்கிழமை காலை மகள் வேலைக்குப் போனாள். பிள்ளை தாயைத் தேடி அழுதது. நான் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நடந்தேன். பேரப்பிள்ளை என் தோளில் எச்சில் வடித்துத் தூங்கிவிட்டது. இறக்கினால் எழும்பிவிடும் என்று மனைவி உள்ளே இருந்து எச்சரித்ததால் இன்னும் ஒரு மணித்தியாலம் நடந்தேன். பென்சன் சங்கத்துக்கு அன்று மத்தியானமே கடிதம் எழுதினேன்.

இருந்தாலும் தபால்காரரின் மணி கேட்கும்போதெல்லாம் பிள்ளையோடு வாசலுக்கு நடப்பேன். கட்டிலில் படுக்கும்போது பலகை கிறீச்சிட்டால் காது நிமிரும். பல கிழமைக்குப் பிறகு ஒரு நீளக் கடித உறை வந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் கிழித்தேன். உத்தியோகத்தர் நேரில் சென்று பரிசோதித்ததில் களுதாவளை முகவரியில் மரம் எதுவும் காணப்படவில்லை, ஆகவே விண்ணப்பம் முடிவுறுத்தப்படுகிறது என்று இருந்தது. இலக்கம் சரி, முத்திரை சரி, கையொப்பம் சரி. திகதி இடப்படவில்லை. பிள்ளையை மனைவியின் மடியில் இருத்திவிட்டு, பேனையை எடுத்து, அலுவலகத்தில் செய்தது போலக் கடிதம் கிடைத்த திகதியை மேல் மூலையில் நானே எழுதினேன்: ஏப்ரல் ஒன்பது.