இடது பக்கம் எறிந்த பந்து

வேலணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தரம் எட்டுப் பெண்பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிக்கொண்டிருந்தேன். பந்தைத் தட்டியபடி ஓடும்போது பந்தைப் பார்க்கக்கூடாது, தலை நிமிர்ந்திருக்க வேண்டும் என்று தினமும் தொண்டை வறளக் கத்துவேன். ஒருத்தி வலது கையால் எல்லோரையும்விட நன்றாகத் தட்டுவாள். இடது கைக்கு மாற்றினால் பந்து காலில் பட்டு ஓடிவிடும். அவளுக்கு அக்கறையில்லை என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் பொறுமை இழந்து, "இடப்பக்கம் எறியிறன், பிடிச்சுக்கொண்டு ஓடும் பாப்பம்" என்று வேகமாக எறிந்தேன். அவள் கையைத் தூக்கவேயில்லை. பந்து இடது கண்ணில் அடித்தது.

தண்ணீரால் கழுவிவிட்டு, மற்றக் கண்ணைப் பொத்தி, "எத்தினை விரல்?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை ரீச்சர்."

ஓட்டோ பிடித்து ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்தில் கண் டொக்டரிடம் காட்டச் சொன்னார்கள்.

அடுத்தநாள் காலை பஸ்ஸில் அவள் யன்னலோரமும் அவளின் தாய் என் பக்கத்திலும் இருந்தார்கள். கடல் பாலம் தாண்டியதும், "ரீச்சர், பந்து பட்டுக் கண் போகுமே?" என்றார் தாய்.

"போகாது அம்மா" என்றேன். அதை நானே நம்பவில்லை.

டொக்டர் நீண்ட நேரம் பார்த்தார். "இது பந்தாலை வந்ததில்லை. இந்தக் கண்ணிலை சின்ன வயசிலையே பார்வை குறைவு. ஒருதருக்கும் தெரியாமல் போச்சு."

அப்பாடா என்று இருந்தது. உடனே தாயின் முகத்தைப் பார்த்தேன், வெட்கமாகிவிட்டது.

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?" என்று தாய் கேட்டார்.

"எல்லாருக்கும் ஒரு கண் மங்கலாத்தான் இருக்கும் எண்டு நினைச்சனான்."

முழுப் பார்வை வருவது கஷ்டம் என்றார் டொக்டர். மற்றக் கண்ணைக் காப்பாற்ற, பந்து பட்டாலும் உடையாத கண்ணாடி போட்டால் விளையாடலாம் என்றும் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து அந்தக் கண்ணாடியோடு வந்தாள். அவள் முறை வரும்போதெல்லாம் பந்தை எறியாமல் நிலத்தில் உருட்டிவிட்டேன். மூன்றாம் நாள் அவள் நின்று கேட்டாள்: "ரீச்சர், எனக்கு மட்டும் ஏன் உருட்டி விடுறியள்?"

இடப்பக்கம் மெதுவாக எறிந்தேன். முகத்தைப் பந்தின் பக்கம் முழுதாகத் திருப்பி, வலது கண்ணால் பார்த்துப் பிடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் வேகமா எறியுங்கோ" என்றாள்.