பத்து நிமிடம் முந்தி ஊதிய சங்கு

எண்பதுகளின் நடுவில், ஜூன் மாதத்தில் நோன்பு வந்த ஒரு வருடம் நடந்தது இது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் மூன்று தெருக்களில் நாங்கள் நாற்பது முஸ்லிம் குடும்பங்கள் வாடகைக்கு இருந்தோம். லேத்து, வெல்டிங், பிரஸ் ஷாப் என்று எல்லாரும் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர்கள்தான்.

பள்ளிவாசல் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, பாய் விரித்து, அதில் தொழுதுகொண்டிருந்தோம். பகலில் நான் லேத்து ஓட்டுவேன். சாயங்காலம் அதே ஷெட்டில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பேன். சின்ன வயதில் மூன்று வருடம் அரபிக் கல்லூரியில் படித்துவிட்டுப் பாதியில் வந்தவன் நான். ஆலிம் பட்டம் எல்லாம் வாங்கவில்லை. ஆனால் ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை இல்லையா? மார்க்கம் படித்தவர்களைக் கூப்பிடுகிற மாதிரி என்னையும் ‘அசரத்து’ என்றே கூப்பிட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. என் கையெழுத்தைப் பற்றி அதைவிட மிதப்பு உண்டு. பிள்ளைகள் எழுதும்போது ஒரு புள்ளி விடுபட்டாலும் அந்த வரியைப் பத்து முறை எழுத வைப்பேன்.

ஷெட்டில் மைக் வைக்கவில்லை. நாங்கள் அங்கே தொழ ஆரம்பித்தபோதே தெருவில் இரண்டு மூன்று பேர் ஷெட்டுக்காரரிடம் போய் முறையிட்டிருந்தார்கள். எதற்கு வம்பு என்று, தொழுகைக்கு அழைக்கிற பாங்கை வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தோம். அது அடுத்த தெருவுக்குக்கூடக் கேட்காது. மற்ற நாட்களில் பரவாயில்லை. நோன்பு மாதத்தில்தான் சிக்கல். சூரியன் மறையும் நேரம் தெரிந்தால்தான் வீட்டில் இருக்கிற பெண்கள் நோன்பு திறக்க முடியும்.

தெருமுனையில் ஒரு தொழிற்சாலை இருந்தது. அங்கே பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தவர் திருவேற்காட்டிலிருந்து சைக்கிளில் வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஷிப்டு மாறும்போது சங்கு ஊதுவதும் அவர் பொறுப்புதான். டீக்கடையில் பழக்கம். முந்தைய வருட நோன்பில் ஒருநாள் என் கஷ்டத்தைச் சொன்னபோது அவராகவே கேட்டார்.

"இதுக்கா இன்னா செய்றதுன்னு முழிச்சிகினு கீற பாய்? நான் ஒரு தபா சுவிச்ச அமுக்கினா மூணு தெருவுக்கும் கேக்கும். டயத்த மட்டும் எழுதிக் குடு."

சூப்பர்வைசரிடம் கேட்டு, சின்னதாக ஒரே ஒரு ஊது என்று வாய்வார்த்தையாக அனுமதியும் வாங்கிவிட்டார். இதற்காக அந்த மாதம் முழுக்க செகண்ட் ஷிப்டையே கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய வார விடுமுறை அன்று மட்டும் எங்களுக்கு அவரவர் கடிகாரம். மற்ற நாளெல்லாம் சங்குதான். சங்கு ஊதினால் நாங்கள் கடிகாரத்தைத் திருத்துவோமே தவிர, சங்கைச் சந்தேகப்பட்டதில்லை.

இரண்டாவது வருடமும் பெரிய பள்ளிவாசலில் அச்சடித்துத் தருகிற நோன்பு நேர அட்டையைப் பார்த்து முப்பது நாளுக்கும் நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கோடு போட்டு, இரண்டு நிற மையில், அழகாகவே எழுதினேன். அதை அவர் சுவிட்சுக்குப் பக்கத்தில் பசை தடவி ஒட்டிவைத்தார்.

அன்று பதினேழாவது நோன்பு. புதன்கிழமை. மத்தியானமே மேகம் கட்டி, நாலு மணிக்கெல்லாம் விளக்குப் போட வேண்டியதாயிற்று. ஷெட்டில் நாற்பது, ஐம்பது ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். முன்னால் நோன்புக் கஞ்சி, பேரீச்சம்பழம். சங்கு ஊதியது. பழத்தை வாயில் போட்டோம், தண்ணீர் குடித்தோம், கஞ்சியைக் கையில் எடுத்தோம். சிலர் பாதிக் கோப்பை முடித்திருப்பார்கள்.

மேற்கே மேகம் விலகியது. கதவு வழியாக மஞ்சள் வெயில் வந்து எதிர்ச் சுவரில் விழுந்தது.

கையில் கோப்பையோடு எல்லாரும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஒவ்வொருவராகக் கோப்பையைக் கீழே வைத்தார்கள். ஒருவர் வாயில் இருந்ததைக் கைக்குட்டையில் துப்பினார். சூரியன் மறைந்துவிட்டது என்று நம்பி, மறைவதற்கு முன்னால் சாப்பிட்டுவிட்டால் அந்த நோன்பு சேராது. ரமலான் முடிந்த பிறகு வேறொரு நாள் அதைத் திருப்பி வைக்க வேண்டும். அதற்குக் களா என்று பெயர். இந்தச் சட்டத்தைப் பிள்ளைகளுக்கு நடத்துகிறவனே நான்தான். ஜூன் வெயிலில், கொதிக்கிற இரும்புக்குப் பக்கத்தில் நின்று வைத்த நோன்பு, நாற்பது வீட்டுக்கும் ஒரே நொடியில் போயிற்று.

"வேணும்னே ஊதிட்டான்," என்று வெல்டிங் வேலை பார்க்கிற இளைஞர் ஒருவர் எழுந்தார். ஷெட்டுக்கு எதிராக முறையிட்டவர்களின் ஞாபகம் எல்லார் மனதிலும் இருந்திருக்க வேண்டும். வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை. பத்துப் பதினைந்து பேர் தொழிற்சாலை வாசலுக்குப் போனார்கள். ஏற்பாடு செய்தவன் என்ற முறையில் நானும் பின்னாலேயே போனேன்.

பாய்லர்க்காரர் கேட்டுக்கு வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"எங்க நோன்ப கெடுக்கணும்னே ஊதினியா?" என்று கேட்டார் அந்த இளைஞர்.

"நான் இன்னாத்துக்கு நைனா கெடுக்கறேன்? சீட்டுல இன்னா போட்டுகீதோ, அந்த டயத்துக்குத்தான் அமுக்கினேன்," என்றவர் உள்ளே ஓடி, சுவரிலிருந்து தாளைப் பிய்த்துக்கொண்டு வந்தார். இளைஞர் கையை நீட்டினார். நான் முந்திக்கொண்டு, "குடுங்க, நான் பாக்கறேன்," என்று வாங்கினேன்.

பதினாறாம் நோன்புக்கு 6.36. பதினெட்டாம் நோன்புக்கு 6.37. நடுவில் பதினேழுக்கு 6.26. என் கையெழுத்துத்தான். முத்து முத்தாக இருந்தது.

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "ஏதோ தப்பு நடந்துபோச்சு. வுடுங்க, போலாம்," என்றேன். அதில் பொய் என்று ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் தப்பு யாருடையது என்று எல்லாரும் என்ன நினைப்பார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பாய்லர்க்காரர் என்னையே பார்த்தார். நான் கேட்டுக் கம்பியைப் பார்த்தேன்.

சத்தம் கேட்டு சூப்பர்வைசர் வந்தார். கூட்டத்தைக் கண்டதும், தான் அனுமதி கொடுத்தது அவருக்கு மறந்துபோய்விட்டது. கம்பெனிச் சங்கை யாரைக் கேட்டு ஊதினாய் என்று மறுநாளே பாய்லர்க்காரருக்கு மெமோ கொடுத்தார்கள். பாய்லரிலிருந்து மாற்றி, இரும்பு ஏற்றி இறக்குகிற யார்டில் நிறுத்தினார்கள். விளக்கம் சரியில்லை என்றால் வேலையே போய்விடும் என்று டீக்கடைப் பக்கம் பேச்சு. வியாழக்கிழமை நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சங்கு இல்லை. ஷெட்டில் ஆளாளுக்குக் கடிகாரத்தைக் காட்டி, உன்னுடையது சரியா என்னுடையது சரியா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் பிள்ளைகளை என்னிடம் அனுப்புவார்களா, என்னை அசரத்து என்று கூப்பிடுவார்களா என்பதுதான் என் கவலையெல்லாம்.

வெள்ளிக்கிழமை காலை என் மனைவி துணி துவைக்க எடுத்தாள். புதன்கிழமை போட்ட சட்டையின் பையில் அந்தத் தாள் இருந்தது. பிரித்துப் பார்த்திருக்கிறாள். அவள் அதிகம் படிக்காதவள். ஆனால் எண் தெரியும், என் கையெழுத்தும் தெரியும். தாளைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள்.

"ஏங்க, இத சட்டையோட துவைச்சுடவா, எடுத்து வெக்கவா?"

அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே பதில் வேண்டும் என்பதுபோல நின்றாள். நான் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டேன்.

அன்று ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லாரும் எழுவதற்கு முன்னால் நான் எழுந்து நின்றேன். முன்வரிசையில், புள்ளி விட்டதற்காக நான் பத்து முறை எழுத வைத்த சிறுமியைப் பெற்ற அத்தா உட்கார்ந்திருந்தார். தாளைக் காட்டி, எழுதியதில் நான் செய்த தப்பையும், அதைப் பையில் ஒளித்த தப்பையும் சொன்னேன். முதல் தப்பைச் சொல்வது சுலபமாக இருந்தது. இரண்டாவதை யார் முகத்தையும் பார்க்காமல், தாளைப் பார்த்தே சொன்னேன்.

அந்த வெல்டிங் இளைஞர்தான் முதலில் பேசினார். "நான் அந்த ஆள எல்லார் எதிர்லயும் அசிங்கமா கேட்டனே அசரத்து. அப்ப பக்கத்துலதானே நின்னுகினு இருந்தீங்க?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எங்கள் நாற்பது வீட்டு ஜமாஅத்தின் தலைவர் என்னைப் பார்த்து, "நீங்க புள்ளைங்களுக்கு ஓதிக் குடுக்கற ஆளு," என்று மட்டும் சொன்னார். என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அங்கிருந்தே ஆறு பேர் நேராகத் தொழிற்சாலைக்குப் போனோம். மேனேஜரிடம் தாளைக் கொடுத்து, தப்பு முழுக்க எங்களுடையது என்று எழுதியும் கொடுத்தோம். வெல்டிங் இளைஞர் யார்டுக்கே போய், எல்லார் முன்னாலும் கேட்டதற்கு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். பாய்லர் வேலையும் மறுபடி கிடைத்தது. ஆனால் இனிமேல் ஷிப்டுக்குத் தவிர வேறு எதற்கும் சங்கு கிடையாது என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அது எங்களுக்காக ஊதவே இல்லை.

டீக்கடை வாசலில் காத்திருந்து நான் பாய்லர்க்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"சீட்ட மடிச்சி பாக்கெட்ல வெச்ச பாரு, அப்பவே எனக்குத் தெரியும் பாய்," என்றார் அவர். "ஊட்ல போய் ஒக்காந்தா சோறு எறங்கல. மெமோகூட பெருசில்ல. நீ என்னிய பாக்காம கேட்டு கம்பிய பாத்துகினு நின்ன, அதான் தாங்கல."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நோன்புப் பெருநாள் வந்து போயிற்று. வருடா வருடம் அவருக்குக் கொடுக்கிற பிரியாணியை என் மனைவி கட்டிக் கொடுத்தாள். கேட் வாசலில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். முகம் பார்த்துப் பேசவில்லை.

பெருநாள் முடிந்து இரண்டாவது வாரம், போன நோன்பை எல்லாரும் ஒரே நாளில் திருப்பி வைத்துவிடலாம் என்று ஜமாஅத்தில் முடிவு செய்தோம். அன்று சாயங்காலம் ஷெட்டில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாசலில் ஒரு சைக்கிள் நின்றது. பாய்லர்க்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பாயின் ஓரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். உதடு வெடித்து, முகம் வாடிப்போயிருந்தது.

"இன்னும் எத்தினி நிமிசம் கீது?" என்று கேட்டார்.

"அஞ்சு நிமிஷம் அண்ணே."

"நல்லா பாத்துச் சொல்லு பாய். நீ எழுதினத நம்ப முடியாது."

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் ஏன் நேரம் கேட்கிறார் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லையா என்று கேட்டேன்.

"டீக்கடைல சொன்னாங்க, இன்னிக்குத் திருப்பி வெக்கிறீங்கன்னு. ஊட்டுக்காரி மூணு மணிக்கே எழுந்து சோறு போட்டா. ஆடி மாசம் ஒரு பொழுது இருக்கற ஊடுதான், பசி பழக்கம். தண்ணி குடிக்கக் கூடாதுன்றதுதான் பேஜாரு."

உங்களுக்கு இது கடமை இல்லையே, நீங்கள் ஏன் வைக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் பேரீச்சம்பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"நான் ஊதினத நம்பித்தானே பாய் நாப்பது ஊட்ல வாயில வெச்சீங்க? அன்னிக்குச் சீட்ட பாத்தப்பவே எனக்கு டவுட்டு. நேத்து முப்பத்தாறு, இன்னிக்கு இன்னாடா இருபத்தாறுன்னு. ஓடிவந்து கேட்டிருக்கலாம். அவங்க சாமி விசயம், நாம இன்னாத்துக்கு வாய வுடணும்னு இருந்துட்டேன். கேட்டிருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது. அதான், என் பங்குக்கு ஒரு நாள்."

சூரியன் மறைந்தது. யாரோ பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையசைத்த பிறகுதான் பழத்தை வாயில் வைத்தார்.

அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. பாய்லர்க்காரர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. எங்கள் ஷெட் இருந்த இடத்தில் மினாரா வைத்த பள்ளிவாசல் இருக்கிறது, மைக்கும் இருக்கிறது. இன்றும் அங்கே சாயங்காலம் பிள்ளைகளுக்கு நோன்பின் சட்டங்களை நடத்துகிறேன். கடமையான நோன்பு இது, விரும்பி வைப்பது இது, விட்டதைத் திருப்பி வைப்பது இது என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக் கொடுக்கிறேன். நான் மறைத்த தப்புக்காக அவர் வெடித்த உதட்டோடு வைத்த அந்த ஒரு நோன்புக்கு என்ன பெயர் என்று மட்டும், இத்தனை வருடம் ஓதிக் கொடுத்தும் எனக்குத் தெரியவில்லை.