குடையில் எழுதிய வீட்டுப்பெயர்

1. தேநீர்க்கடை ஸ்டாப்

பள்ளிக்கூட பஸ்ஸில் ஆயா வேலைக்குச் சேரும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, பிள்ளை வாந்தி எடுத்தால் என்ன செய்வது என்றுதான். அதற்கு மணல் வாளி இருக்கிறது. எதற்கு வாளி கிடையாதோ அதை இங்கே எழுதுகிறேன்.

பாறசாலைப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியின் பஸ்ஸில் பத்தொன்பது வருடம் டோர் டியூட்டி பார்த்தேன். கதவைத் திறப்பது, பிள்ளையைக் கைபிடித்து இறக்குவது, வீட்டாரிடம் ஒப்படைப்பது, ட்ரிப் ஷீட்டில் டிக் போடுவது. இவ்வளவுதான் வேலை. ஷீட்டில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் நேரே மூன்று பெயர் இருக்கும். அந்த மூன்று பேரைத் தவிர யாரிடமும் பிள்ளையை விடக் கூடாது. நான் டிக் மட்டும் போடுவேன். மூன்று பெயர்களை ஒரு நாளும் வாசித்ததில்லை. எல்லாரையும் எனக்குத் தெரியும் என்ற திமிர்தான்.

பள்ளி திறந்து இரண்டாவது வாரம். மழை விட்டிருந்தது. தேநீர்க்கடை ஸ்டாப்பில் இரண்டு பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தப் போனேன். இஸ்திரி போட்ட சட்டையுடன் ஒருவன் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தான்.

"அக்கா, தெக்கேவிளை ஜினிஷா உண்டா? நான் அவளுக்க மாமனாக்கும். அம்மைக்குச் சுகமில்ல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயாச்சு. பிள்ளைய இஞ்சயே எறக்கிருங்க."

ஜினிஷா ஒன்றாம் வகுப்பு. அவளுடைய ஸ்டாப் அடுத்தது, நான்கு நிமிடம் தள்ளி, சர்ச் திருப்பத்தில். நான் ஷீட்டைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஏன் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஆளை அடையாளம் சொல்வது வீட்டுப்பெயரை வைத்துத்தான். வீட்டுப்பெயரைச் சரியாகச் சொல்லி, நம் பேச்சும் பேசிவிட்டால் அவன் நம் ஆள். அப்படிப்பட்டவனிடம் "நீங்க ஆரு?" என்று கேட்டால் முகத்தில் அடித்த மாதிரி. அந்த மரியாதைக்குப் பயந்து ஒரு பிள்ளையைக் கையில் கொடுத்தேன்.

"மக்கா, மாமன் வந்திருக்கு பாரு" என்று நானே கூப்பிட்டேன். அவள் பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். எங்கள் பிள்ளைகளுக்கு அப்பா வயதில் இருக்கும் எல்லா ஆண்களும் மாமாதான். நான் கைபிடித்துக் கொடுத்ததால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. டிக் போட்டேன்.

2. சர்ச் திருப்பம்

பஸ் நகர்ந்ததும் ஜினிஷாவின் சீட்டில் குடை கிடந்தது. மழைக்காலத்தில் ஐம்பது பிள்ளைகளிடமும் ஒரே மாதிரிக் குடைதான். மாறிப் போகாமல் இருக்க வீட்டில் பெயின்டால் பெயர் எழுதிக் கொடுப்பார்கள். அவள் அப்பா வெள்ளைப் பெயின்டில், தூரத்தில் நின்றாலும் தெரிகிற அளவுக்கு எழுதியிருந்தார். 'ஜினிஷா, தெக்கேவிளை.'

மடக்கி வைக்கத்தான் குடையை எடுத்தேன். எழுத்தைப் பார்த்தபடியே நின்றேன். இரண்டு வாரமாக இந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு அவள் ரோட்டோரம் பஸ்ஸுக்கு நிற்கிறாள். படிக்கத் தெரிந்த எவனும் அவளுக்கு மாமன் ஆகலாம். 

தலை தூக்கினால் சர்ச் திருப்பம். அவள் அம்மா ஷீலா நல்ல திடமாக, கையில் குடையுடன் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, ஜினிஷா எங்க?"

"மாமன் வந்து கூட்டிட்டுப் போச்சு" என்று சொன்னேன். 

"எந்த மாமன்? எனக்குக் கூடப்பொறந்த ஆணே கிடையாதே அக்கா."

டிரைவர் ராஜண்ணன் திரும்பிப் பார்த்தார். "ஷீலா, ஏறு" என்றார். மிச்சமிருந்த பதினோரு பிள்ளைகளுடன் அந்தக் குறுகிய ரோட்டில் பஸ்ஸைத் திருப்பினார். நான் பள்ளிக்கும் போலீசுக்கும் போன் போட்டேன்.  ஷீலா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆறுதலுக்கா, அடிப்பதற்கு முன்னாலா என்று தெரியவில்லை.  

"எந்தப் பக்கமா போனான்?" என்றார் ராஜண்ணன்.

"ரயில்வே கேட் பக்கம்."

"பாசஞ்சர் வாற நேரமாக்கும். கேட்டு அடைச்சிருப்பான். கும்பிடுத தெய்வத்தக் கும்பிட்டுக்கோ, லில்லி."

கும்பிட்டேன். கேட் திறக்கக் கூடாது, ரயில் தாமதமாக வரட்டும் என்றுதான் கும்பிட்டேன். ரயிலில் வருகிறவர்களுக்கு அவசரம் இருக்கும் என்று கூட நினைக்கவில்லை.

3. ரயில்வே கேட்

கேட் அடைத்துத்தான் இருந்தது. ஓரத்தில் மீன் விற்கும் தங்கம்மையின் மடியில் ஜினிஷா உட்கார்ந்திருந்தாள். சுற்றி ஆட்கள். ஸ்கூட்டர் கீழே கிடந்தது. அவன் இல்லை.

ஷீலா ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். நான் பஸ் படியிலேயே நின்றேன்.

நடந்ததைத் தங்கம்மை சொன்னாள். பிள்ளை குடையை பஸ்ஸில் விட்டுவிட்டதை நினைத்து அழ ஆரம்பித்திருக்கிறது. அம்மா திட்டுவாள் என்று பயம்.

"பிள்ள எதுக்குக் கரையுதுண்ணு கேட்டேன். எனக்க மகளாக்கும், பிடிவாதம்ணு சொன்னான். பிள்ள அவனப் பாத்து, மாமா, குடைய எடுக்கத் திரும்பிப் போவோம்ணு சொல்லுது. மகளுண்ணா அப்பாண்ணுல்லா கூப்பிடணும்? வண்டிச் சாவிய உருவி மீன்சட்டிக்குள்ள போட்டேன். தண்டவாளத்தத் தாண்டி ஓடிட்டான்."

பிறகு அவள் பஸ்ஸைப் பார்த்துக் கேட்டாள். "அந்தக் காலமாடனுக்க கையில பிள்ளையக் கொடுத்தது ஆரு?"

"நான்தான்" என்றேன். வேறு பதில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் போலீஸ் அவனைப் பிடித்தது. ஸ்கூட்டரே திருட்டு வண்டி. எதற்காகக் கொண்டு போனான் என்று போலீஸ் எங்களிடம் சொல்லவில்லை. கேட்கும் தைரியமும் எனக்கு இல்லை.

4. மானேஜர் அறை

பிள்ளை திரும்பக் கிடைத்த அன்று சாயங்காலமே மானேஜர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் அவருக்கு.

"லில்லி, பிள்ள தானா எறங்கிப் போச்சுண்ணு எழுதிக் குடு. உனக்கும் வேலை போவாது, நமக்கும் குழப்பம் இல்ல."

எனக்கு வேலை வேண்டும். வீட்டில் வேறு வருமானம் கிடையாது. பேனாவை எடுத்தும் விட்டேன். அப்போதுதான் உறைத்தது. இப்படி எழுதினால் நாளை எல்லாரும் ஜினிஷாவைத்தான் கேட்பார்கள், நீ ஏன் இறங்கினாய், நீ ஏன் போனாய் என்று. ஆறு வயசுப் பிள்ளையின் தலையில் என் தப்பு ஏறிவிடும். அடுத்த முறை ஏதாவது நடந்தால் அது வாயே திறக்காது.

"நான் கைபிடிச்சுக் குடுத்தேன் சார். ஷீட்டப் பாக்கல்ல. அப்படித்தான் எழுதுவேன்."

எழுதினேன். ஒரு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். மறுபடி கூப்பிட்டதற்குக் காரணம் ஷீலா என்று ராஜண்ணன் சொன்னார். "உண்மையச் சொன்னவ டோர்ல நிக்கட்டும்" என்று ஆபீசில் வந்து சொல்லியிருக்கிறாள். என்னிடம் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் செய்ததை மன்னித்தாளா என்றும் எனக்குத் தெரியாது.

திரும்பி வந்ததும் குடை, பை எல்லாவற்றிலும் பெயரை உள்பக்கம் எழுத வைத்தோம். பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பும் நடந்தது. அந்நியரோடு போகக் கூடாது என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தார். அந்நியர் எப்படி இருப்பார் என்று கேட்டதற்கு, தாடி இருக்கும், சாக்கு வைத்திருப்பார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். நான் பின்னால் நின்றவள், அனுமதி கேட்டுக்கொண்டு பேசினேன்.

"மக்கா, அண்ணைக்கு வந்த ஆளு நல்ல சட்டை போட்டிருந்தான். மாமாண்ணு வந்தான். அதனால மொகத்தப் பாத்து நம்பாதீங்க. உங்களுக்கு மூணு பேர் உண்டு. அந்த மூணு பேரத் தவிர ஆரு கூப்பிட்டாலும் போவப்பிடாது. பஸ்ஸ விட்டு வேற எங்கயாவது எறங்குண்ணு நான் சொன்னாலும் எறங்கப்பிடாது. அம்மாக்குப் போன் போடச் சொல்லணும். போடல்லைண்ணா உரக்கக் கத்தணும்."

நான் சொன்னாலும் என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். ஜினிஷா சிரிக்கவில்லை.

5. உதியன்குளங்கரை

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், வீடு திரும்பும் வழியில் உதியன்குளங்கரையில் பஸ் நின்றுபோனது. கிளட்ச் போய்விட்டது. பள்ளியிலிருந்து வேறு பஸ் வந்தது. பிள்ளைகளை வரிசையாக இறக்கி மாற்றினேன். எல்லாரும் இறங்கினார்கள். ஜினிஷா மட்டும் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வா மக்கா, நம்ம ஸ்கூல் பஸ்ஸுதான்" என்று கை நீட்டினேன்.

"இது எனக்க ஸ்டாப் இல்ல. அம்மாக்குப் போன் போடுங்க."

சுருக்கென்றது. எத்தனை மழையில் இவளைத் தூக்கி இறக்கியிருக்கிறேன் என்று கூட நினைத்தேன். நினைத்தவுடன் வெட்கமாகவும் இருந்தது. அவள் பயப்படுவது என் கையைத்தான். அந்தக் கைதான் அவளைக் கொடுத்தது.

மாற்று பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். "தூக்கிட்டு வாங்க, நேரமாச்சு" என்றார்.

"தூக்கப்பிடாது" என்றேன்.

ஷீலா போனை எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். நாலாவது தடவை எடுத்தாள். போனை ஜினிஷாவின் காதில் வைத்தேன். அவள் அம்மாவின் குரலைக் கேட்டுவிட்டு, "லில்லி அக்காகூட வரட்டா?" என்று கேட்டாள். பிறகு கம்பியை விட்டாள். பையை மாட்டிக்கொண்டு, என் கையை அவளே பிடித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

இருபது நிமிடம் தாமதம். வீடுகளிலிருந்து திட்டு வந்தது. வாங்கிக்கொண்டேன்.

இனி இந்த வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். ஷீட்டைப் பாருங்கள், ஆள் கோபப்பட்டால் படட்டும். ஒரு நாள் ஒரு பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்து, உங்களோடு வரமாட்டேன் என்று சொல்லும். மனசு நோகும். நோகட்டும். கையை இழுக்காமல் போனை எடுங்கள்.