கிணற்று மோட்டாரின் கயிறு

நீர்மூழ்கி மோட்டாரைக் கயிற்றில்தான் தொங்கவிட வேண்டும். வயரில் தொங்கவிடக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

குளுவாங் ஊருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது எங்கள் கோயில். அரசாங்கக் குழாயில் தண்ணீர் சொட்டும், அவ்வளவுதான். அதனால் கிணற்றில் மோட்டார் இறக்கினோம். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நிர்வாகம் என் தலையில் கட்டியது. எனக்கும் பிடித்த வேலைதான். மழைக்காலம் முடிந்ததும் மேலே தூக்கி, சல்லடையில் அப்பிய சேற்றைக் கழுவுவேன். வயரின் தோலை விரலால் தடவிப் பார்ப்பேன். தடித்த நைலான் கயிற்றில் மோட்டாரைக் கட்டி இறக்கி, வயரைத் தளர்வாக விடுவேன். மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் ஒன்றையும் மாட்டிவைத்தேன்.

அந்தப் பங்குனி உத்திரத்துக்கு என் மனைவி பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டிருந்தாள். பால்குடம் எடுப்பவர்கள் கிணற்றடிக் குழாயில் குளித்து, ஈரத்துணியோடு கிளம்புவது எங்கள் வழக்கம். அவளை வாசலில் இறக்கிவிட்டு, காரை நிறுத்த இடம் தேடி அலைந்துவிட்டு வந்தேன். கிணற்றடியில் ஒரே உறுமிமேளச் சத்தம், "வேல் வேல்" என்று கூச்சல். கூட்டத்துக்கு நடுவில் என் மனைவி, மஞ்சள் புடவையில், இரும்புக் குழாயைப் பிடித்தபடி உதறிக்கொண்டிருந்தாள். கண் செருகியிருந்தது. யாரோ அவளுக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்து அவளுக்கு ஒருநாளும் சாமி வந்ததில்லை. அப்படியே வந்தாலும் குழாயை விடாமல் பிடித்துக்கொண்டு எந்தச் சாமி ஆடும்?

ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். அவள் அப்படியே சரிந்தாள். பெண்கள் தாங்கிப் பிடித்தார்கள்.

"சாமி மலையேறிடுச்சு," என்றார் ஒருவர், கன்னத்தில் போட்டுக்கொண்டு.

சுவிட்ச் பெட்டியைத் திறந்தேன். ட்ரிப் சுவிட்சை ஒதுக்கிவிட்டு, மின்சாரத்தை நேராகக் கொடுத்திருந்தார்கள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் கயிறே இல்லை. மோட்டாரின் பாரம் முழுக்க வயரில். வயர் அதே இரும்புக் குழாயின் விளிம்பில் உரசி, தோல் கிழிந்து, உள்ளே செம்பு தெரிந்தது. கயிறு எங்கே என்று தேடினேன். வாசலில் போட்டிருந்த கெமா கூடாரத்தின் காலைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

செயலாளரைப் பிடித்துக் கேட்டேன்.

"அலமாக், காத்துல கெமா பறக்குதுல்ல? அந்தக் கயிறு உள்ள சும்மாதானே தொங்குச்சு," என்றார்.

"ட்ரிப் சுவிட்சை ஏன் கழட்டுனீங்க?"

"காலையிலேர்ந்து விழுந்துக்கிட்டே இருக்கு. சனங்க குளிக்க வேணாமா? நேரா குடுத்தாத்தான் தண்ணி வருது லா."

அது ஏன் விழுந்துகொண்டே இருக்கிறது என்று இத்தனை பேரில் ஒரு மனிதருக்குமா கேட்கத் தோன்றவில்லை? ஆள் சாகும், ஆள் சாகும் என்று அது காலையிலிருந்து சொல்லியிருக்கிறது. இவர்கள் அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். இதை அவர் முகத்துக்கு நேராகவே கத்தினேன்.

"நல்ல நாளும் அதுவுமா கோயில்ல கத்தாதீங்க அண்ணே," என்றார் அவர்.

கை ஓங்கிவிட்டேன். ஆத்திரத்தில் எனக்குக் கண்ணே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பிடித்து இழுத்தார்கள். பால்குடம் கிளம்ப நேரமாகிறதாம்.

மனைவி மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை கன்றிப்போயிருந்தது. ஓர் அம்மா அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்," என்றேன்.

அவள் எழவில்லை. அந்த அம்மா போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காப்பாத்துங்கன்னுதாங்க கத்துனேன். வாய் குழறிப்போச்சு," என்றாள். "அந்தம்மா கிட்ட வந்து, 'சாமி, எம்பொண்ணுக்கு எப்பக் கல்யாணம் ஆகும்?'னு கேட்டாங்க."