புஸ்பராணி எழுதிய பூசைக் கருத்து

ஓர்ஸ் ஹில்லில் கந்தோர்களில் வேலை செய்பவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் புஸ்பராணிக்கு வாய் கொஞ்சம் நீளம். சொதியில் உப்புக் குறைவு என்ற எஞ்சினியரையே, "அப்ப கடலில ஒரு முழுக்குப் போட்டிட்டு வாங்கோ" என்று அனுப்பியவள். அந்த வாய் வாரத்தில் ஒரு தடவைதான் ஒட்டிக்கொள்ளும். ஞாயிறு பூசையில், கர்த்தர் கற்பித்த செபத்தில் 'எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல' என்ற வரி வந்ததும் பேசாமல் நிற்பாள். முப்பத்துநான்கு வருடமாக அவள் அதைச் சொன்னதில்லை. கோயிலுக்குள் நின்று பொய் சொல்ல அவளுக்கு வராது.

காரணம் முன்வரிசை வாங்கில் இருந்தது. பெயர் மரியநாயகம். கோயில் சபைச் செயலாளர். பூசைக்கு முன் சனம் தங்கள் வேண்டுதலை எழுதிப் பெட்டியில் போடும் கருத்துத் துண்டுகளை ஒலிவாங்கியில் வாசிப்பவர் அவர்தான்.

சண்டைக் காலத்தில் ஒருநாள் ஆமிக்காரர் அவளுடைய ஊரான சாம்பல்தீவைச் சுற்றி வளைத்து, சனத்தை வெயிலில் வரிசையாக நடக்க விட்டார்கள். எதிரே கதிரையில், தலையாட்டி ஆளைக் காட்டிக் கொடுக்க ஒருவன் இருந்தான். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவளுடைய தம்பி சுகிர்தன் நடந்தபோது சாக்கு மேலும் கீழும் ஆடியது. உடனே அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை.

சாக்கு முகத்தைத்தான் மறைத்தது. இடது காலில் சுண்டுவிரல் இல்லாததை அவள் கண்டாள். அடுத்த வீட்டு வளவு மரியநாயகத்தின் கால் அது. அந்தக் காலில் இரத்தம் காய்ந்து கிடந்ததையும் கண்டாள். அவனையும் அடித்துத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். அதை நினைத்து எத்தனையோ தரம் அவள் மனம் இளகியிருக்கிறது. ஆனால் மனிசன் இன்றுவரை ஒரு சொல் சொல்லவில்லையே! அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

இந்த வருடம் புதுச் சுவாமியார் ஒப்புரவுப் பூசை ஒன்று ஒழுங்குசெய்து, அவளுடைய குசினிக்கே வந்தார்.

"அக்கா, நீங்கள் ஒரு மெழுகுதிரி ஏத்தி, எல்லாரையும் மன்னிக்கிறம் எண்டு சொன்னாக் காணும்."

"எல்லாரையும் எண்டால் ஒருத்தரையும் இல்லை, சுவாமி. விலாசம் எழுதாத கடிதத்தை ஆர் கொண்டுபோய்க் குடுப்பினம்?"

"அப்ப ஏலாதோ?"

"ஏலும். என்ர மாதிரித்தான் ஏலும்."

அன்று கோயில் நிறையச் சனம், வெளியூர் ஆட்கள் வேறு. மரியநாயகம் வழக்கம்போலத் துண்டுகளை எடுத்து வாசித்தார். ஒரு பிள்ளை சோதினையில் சித்தியடைய வேண்டும். ஒரு கிழவருக்கு முழங்கால் நோ மாற வேண்டும். அடுத்த துண்டு.

"சாம்பல்தீவில சாக்குக்குள்ள இருந்து தலையாட்டி, என்ர தம்பி சுகிர்தனைக் காட்டிக் குடுத்த..."

குரல் நின்றது. அவர் அவசரமாகத் துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

புஸ்பராணி எழும்பினாள். "அது என்ர துண்டு, மரியநாயகமண்ணை. மிச்சத்தையும் வாசியுங்கோ."

பக்கத்தில் இருந்தவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். சுவாமியார் கையால் இருக்கச் சொன்னார். அவள் இருக்கவில்லை.

"நான் சண்டைக்கு வரேல்லை. மன்னிக்கத்தான் வந்தனான். ஆனால் பேர் வெளியில வரவேணும்."

மரியநாயகம் ஒருதரம் சுவாமியாரைப் பார்த்தார். பிறகு பைக்குள் கையை விட்டார். துண்டை எடுத்து விரித்தார்.

"...காட்டிக் குடுத்த மரியநாயகத்தின்ர ஆத்தும சுகத்துக்காக. ஒப்புக்கொடுப்பது, அவரை மன்னிக்கிற புஸ்பராணி."

அன்று அந்த வரியை அவள் சொன்னாள், எல்லாரையும் விடச் சத்தமாக. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்ததும் நேரே முன்வாங்குக்குப் போய் அவருக்கு முன்னால் கைகூப்பினாள். அவர் விம்மி விம்மி அழுதார். அவளுக்கும் அழுகை வந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"மன்னிச்சிட்டன் அண்ணை. அதில மாற்றம் இல்லை. இப்ப சொல்லுங்கோ, தம்பியை எங்க கொண்டுபோனவங்கள்?"

பக்கத்தில் நின்ற ஒலிவாங்கியை அவர் வாய்ப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.