பட விழாவுக்குப் பாவாவும் வந்தார்

மார்கழி சமயத்தில் சென்னையில் நடக்கும் பட விழாவுக்கு நானும் என் தோழியும் கல்லூரிக் காலத்திலிருந்து தவறாமல் போய்க்கொண்டிருந்தோம். அவள் பள்ளிப்பட்டு நெசவு வீட்டுப் பெண். படித்து முடித்ததும் சென்னைக்குப் போய் விடுதியில் தங்கி, தொலைக்காட்சித் தொடர்களுக்கு எடிட்டிங் செய்கிறாள். நான் திருத்தணியிலேயே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக நின்றுவிட்டேன். விழா நாளில் காலை ரயிலில் போவேன், இரண்டு படம் பார்ப்பேன், பொழுது சாய்ந்ததும் திரும்பிவிடுவேன். அங்கே யாரும் என்னை யார் வீட்டுப் பெண் என்று கேட்க மாட்டார்கள். உண்மையைச் சொன்னால் அதற்காகத்தான் போனேன். படமெல்லாம் அப்புறம்தான்.

அந்த வருடம் அம்மா குறுக்கே நின்றாள்.

"பேச்சு முடிஞ்ச பொண்ணு தனியா மெட்ராசுக்குப் போவக் கூடாது. பாவா வருவாரு. அவுருகூட போயிட்டு வா."

பாவா என் தாய்மாமன் மகன். கட்டிக்கொள்ளும் முறையுள்ள மாமன் மகனை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். தெலுங்கு எங்கள் வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்து ரொம்ப காலமாகிறது. ஐப்பசியில் இரண்டு குடும்பமும் மலைக்குப் போய்ப் பூ கேட்டுவிட்டு வந்திருந்தது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி சன்னிதியில் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். வெள்ளைதான் வந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. முருகனைத்தான் கேட்டார்கள்.

பாவா நல்லவர், அதுதான் தொல்லை. குடி கிடையாது, அதிர்ந்து பேச மாட்டார், கரும்புத் தோட்டம் உண்டு, அவர் உண்டு. ஆனால் சின்ன வயதில் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பம்புசெட்டில் குளித்து, அடித்துப் பிடித்து வளர்ந்தவரைக் கட்டிக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. இதை வீட்டில் சொன்னால் அம்மாவுக்கு அண்ணன் வீடு இல்லாமல் போய்விடும். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

"நல்லதாப் போச்சு விடு" என்றாள் தோழி போனில். "அவரு வரட்டும். உனக்கு இஷ்டமில்லன்னு அவருகிட்டயே சொல்லிடு. அவரா வேணாம்னு சொல்லிட்டாருன்னா உங்க அம்மா மேல பழி வராது." அவருக்கும் சேர்த்து ஒரு பாஸ் வாங்கி வைத்தாள்.

தியேட்டர் வாசலில் ஒரே வரிசை. பாஸில் இருக்கை எண் கிடையாது, முதலில் போகிறவருக்கு முதல் இடம். கதவு திறந்ததும் பாவாவைக் காணோம். நாங்கள் உள்ளே போனபோது நட்ட நடு வரிசையில், நட்ட நடுவில், ஒரு இருக்கையில் அவருடைய துண்டு, அடுத்ததில் கைக்குட்டை, அதற்கடுத்ததில் அவர். கிருத்திகைக் கூட்டத்தில் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துப் பழகிய கை அது. தாடி வைத்த ஒருவர் துண்டைக் கையால் காட்டி, "இங்கெல்லாம் ரிசர்வ் பண்ணக் கூடாது சார்" என்றார்.

"ரிசர்வ்லாம் இல்லீங்க. துண்டு போட்டுகீது, பாருங்க" என்றார் பாவா, மிகவும் மரியாதையாக.

தாடிக்காரர் துண்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பின்வரிசைக்குப் போனார். எனக்கு மானம் போயிற்று. தோழி சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள். இத்தனை வருடத்தில் எங்களுக்கு அவ்வளவு நல்ல இடம் கிடைத்ததே இல்லை என்பதும் உண்மை.

என் வலப்பக்கம் தோழி, இடப்பக்கம் பாவா. வேறு ஆண் பிள்ளை யாரும் என் பக்கத்தில் உட்கார்ந்துவிடாதபடி பார்த்துப் போட்ட துண்டு. எந்தப் பக்கம் எழுந்து வெளியே போனாலும் ஒரு வரிசை முழுக்கக் கால்களை மடக்கிக்கொள்ள வேண்டும்.

படம் ஏதோ ஒரு குளிர் நாட்டுப் படம். இறந்துபோன அப்பாவின் படகை விற்றுவிட வேண்டும் என்கிறாள் அக்கா, கூடாது என்கிறாள் தங்கை. அவ்வளவுதான் கதை. மெதுவாகப் போனது. எனக்குப் பிடித்திருந்தது, பிடிக்க விட்டால்தானே!

"படம் எப்போ ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சாச்சு பாவா."

கொஞ்ச நேரம் கழித்து, "இன்டர்வெல்லு?"

"இதுல இன்டர்வெல் கிடையாது."

"அதெப்படி? ஜனங்க எப்ப எழுந்து போவாங்க?"

தங்கை அழுதுகொண்டே கடலில் இறங்கிக் குளிக்கிறாள். மேலே துணி இல்லை. பாவா எழுந்து என்னை இழுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பயந்தேன். அவர் அசையவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் திரையையே பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு என்னால் படம் பார்க்க முடியவில்லை. நான் படம் பார்ப்பதை ஒருவர் பார்க்கிறார் என்று தெரிந்த பிறகு எங்கே சிரிப்பது, எங்கே அழுவது? எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊரில்தான் மலையேறி இறங்குவதற்குள் பத்துப் பேர் நலம் விசாரிப்பார்கள் என்றால், இந்த இருட்டிலும் ஒரு ஆள் காவலா? இனி ஆயுள் முழுக்க நான் எதைப் பார்த்தாலும் பக்கத்தில் இந்த முகம் இருக்கும் என்று தோன்றியது. மூச்சு முட்டியது. தோழியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் படம் உருக்கமாக இருக்கிறது என்று நினைத்து, பதிலுக்கு என் கையை அழுத்தினாள்.

படம் முடிந்ததும் அவள் அடுத்த படத்துக்கான வரிசையில் நிற்கப் போவதாகச் சொல்லி எங்களை டீக்கடையில் தனியே விட்டுப் போனாள். போகும்போது எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் வாயைத் திறந்தேன்.

"பாவா…"

"ஆங்?"

"டீ எப்படி இருக்கு?"

"வெந்நி கணக்கா கீது" என்றார்.

அடுத்த படம் என்னவென்றே எனக்கு நினைவில்லை. சாயங்காலம் தோழி ஸ்டேஷன் வரை வந்து, "சொல்லிடு, என்ன?" என்று காதில் சொல்லிவிட்டுப் போனாள். திருவள்ளூரில் கூட்டம் இறங்கி, எதிர் இருக்கைகள் காலியாயின. மணவூர் தாண்டினால் அரக்கோணம், அப்புறம் வீடு. இதைவிட்டால் சொல்ல வேறு இடம் கிடைக்காது என்று தெரிந்தது.

"எனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்ல பாவா. நீங்க நல்லவரு. ஆனா என்னால முடியாது. நீங்களே வேணாம்னு சொல்லிடுங்க."

அவர் கோபப்படவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் சொல்லி ஒரு மாசம் ஆவுது."

"வேணாம்னா? யாருகிட்ட?" என்றேன்.

"கூடப் பொறந்தவ மாதிரி வளந்த பொண்ண எப்படிக் கட்டுறதுன்னு நைனாகிட்ட கேட்டேன். சாமியே வெள்ளப் பூ குடுத்துடுச்சு, நீ யாருடா நடுவுலன்னாரு. சரி, நீயாவது வேணாம்னு சொல்லுவியான்னு காலைல இருந்து உன் மொகத்தையே பாத்துகினு கீறேன். நீ பாட்டுக்கு படம் பாத்துகினு இருந்த."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. காலையிலிருந்து எந்த முகத்துக்குப் பயந்து மூச்சு முட்டினேனோ, அந்த முகமும் வெளியே போக வழி தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. திருத்தணி வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தோம். தனித்தனியாகச் சொன்னால்தானே எடுபடவில்லை, இரண்டு பேரும் சேர்ந்தே சொல்லிவிடுவது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக் கூடத்தில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தபோது சொன்னோம். முதலில் அவர், பிறகு நான். அம்மாவின் முகம் வெளிறியது. மாமா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திடீரென்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

"ஒண்ணா ரயிலேறிப் போயி, ஒண்ணா படம் பாத்துட்டு, இப்போ ஒண்ணா வந்து நின்னுகினு ஒரே பேச்சு பேசுதுங்க. இதுக்கு மேல இன்னாம்மா பொருத்தம் வோணும்?"

அம்மாவுக்கு உயிர் வந்தது. கூடமே சிரித்தது. நான் பாவாவைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார்.

"பாரேன், கண்ணாலயே பேசிக்குதுங்க" என்று அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

தை முதல் முகூர்த்தத்தில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது.